நீலவீட்டின் மதியத் தூக்கம்

குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வீட்டில் சும்மாதானே இருக்கிறாய், நாலு பிள்ளைகளை உட்காரவைத்து விளையாட்டுக் காட்டினால் ஆச்சு என்பார்கள். அவர்களை ஒரே ஒரு காலை சின்னம்மாவின் முன்னறையில் உட்காரவைக்க வேண்டும். ஒன்று மூக்குக்குள் பட்டாணியை ஏற்றிக்கொண்டிருக்கும். ஒன்று பக்கத்துப் பிள்ளையின் தோளைக் கடித்துக்கொண்டிருக்கும். இன்னொன்று இரண்டையும் பார்த்துச் சிரித்தபடி நின்ற இடத்திலேயே காலை நனைத்துக்கொள்ளும். இதற்கு நடுவில் வாசலில் ஒரு அம்மா, பிள்ளையைவிட அதிகமாக அழுதுகொண்டு, வேலைக்குப் போவதா வேண்டாமா என்று நின்றிருப்பாள்.

சின்னம்மா என்பது அவள் பெயரல்ல. குழந்தைகள் கூப்பிட ஆரம்பித்தார்கள், பெற்றோர் தொற்றிக்கொண்டார்கள், கடைசியில் அவளைவிட வயதில் மூத்த தபால்காரரும் வீட்டுச் சொந்தக்காரரும்கூட அப்படியே கூப்பிட்டார்கள். டயர் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர் ஒருநாள் வாய் தவறிச் சின்னம்மா என்று அழைத்துவிட, தெருவே கேலி செய்யும்படி ஆனது. பெற்ற பெண் படிப்பதற்காக வேறு ஊருக்குப் போய்விட்டாள். அம்மா என்றோ சொந்தப் பெயர் சொல்லியோ சின்னம்மாவைக் கூப்பிட வீட்டில் ஆளே இல்லாமல் போனது.

தன் வீட்டிலேயே பிள்ளை பார்க்கத் தொடங்குவதற்கு முன்பு பல வருஷம் பிறர் வீடுகளுக்குப் போய்த்தான் பிள்ளை பார்த்தாள். அந்த வேலையில் குழந்தையைச் சமாளித்துவிடலாம், குழந்தையைப் பெற்றவர்களைச் சமாளிப்பதுதான் பாடு. தூங்கப்போகும் நேரத்தில் பிள்ளையின் வாயில் மிட்டாயைத் திணித்துவிட்டு, ஏன் இன்னும் தூங்கவில்லை என்று கேட்ட வீட்டுக்காரி ஒருத்தி இருந்தாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று பழமொழி சொல்வார்களே, அதைச் சின்னம்மா தினமும் கண்ணால் பார்த்தாள். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், இனிமேல் என் வீட்டில், என் சட்டப்படி என்று கிளம்பி வந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் மூக்கின் மேல். ஆனால் அந்தக் கோபம் குழந்தைகள் பக்கம் ஒருநாளும் திரும்பியதில்லை.

வீடு தேடியபோது இந்த வீடு தானாக வந்து மடியில் விழுந்தது. இதற்கு முன்பும் இங்கே ஒரு அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொந்தக்காரர் சொன்னார். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். பைகள் மாட்டும் கொக்கிகள் ஒரு பிள்ளையின் உயரத்தில் இருந்தன. குளியலறையில் முழங்கால் உயரத்துக்குக் கை கழுவும் தொட்டி. சமையலறை வாசலில் தவழும் பிள்ளை தாண்ட முடியாத அரைக்கதவு. கதவிடுக்கில் விரல் நசுங்காமலிருக்க ரப்பர் பட்டைகூட ஒட்டியிருந்தது. வெளிச்சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், ஜன்னல் கம்பிகளின் உட்புறத்தில் மட்டும் பழைய நீலம் ஒட்டிக்கொண்டிருந்தது. அனுமதி கொடுக்க வந்த அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு கச்சிதமான வீட்டைப் பார்த்ததில்லை என்றார். அந்த அம்மா ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று சின்னம்மா கேட்கவில்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தால், எங்கிருந்து வருகிறாய் என்று யார் விசாரிப்பார்கள்?

வீட்டிலேயே பிள்ளை பார்க்கிற பெண்களுக்கு ஒரு குறை உண்டு. நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் பேச்சுத்துணை இருக்காது. அதற்காகவே அந்த ஊர்ப் பெண்கள் போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். எந்தத் தெருவில் அம்மை போட்டிருக்கிறது, எந்தப் பொம்மையின் கண் கழன்று வாய்க்குள் போகிறது, அடுத்த பயிற்சி வகுப்பு எப்போது, சோதனைக்கு வரும் அதிகாரி சிடுமூஞ்சியா சிரித்த முகமா, எல்லாச் செய்தியும் அதில் வரும். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி தன் தங்கையை அனுப்பிவைப்பாள். திராட்சையை நீளவாக்கில் நறுக்கு, குறுக்கே நறுக்காதே என்று சின்னம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்தக் குழுதான். ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்ததில்லை. குரல்களாக மட்டுமே பழகினார்கள். குழுவை நடத்தியவளைத் தலைவி என்று கூப்பிட்டார்கள். பெரிய சாலையில் பெரிய காப்பகம் வைத்திருந்தவள் அவள், பேச்சிலும் ஒரு பெரியமனுஷித்தனம் இருக்கும்.

குடிவந்து சில வாரம் கழிந்த ஒரு மதியத்தில்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்டது.

சாப்பாடு முடிந்து, கை வாய் துடைத்து, பின்னறையில் மெத்தைகளை விரித்துப் பிள்ளைகளைப் படுக்கவைத்திருந்தாள். சின்னம்மா தட்டித் தூங்கவைப்பது மாவு தட்டுகிற மாதிரி இருக்கும், மெலிதாக, வேகமாக. எல்லாரும் அடங்கிய பிறகு அவள் சமையலறைக்குப் போய்ப் பால் புட்டிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது பின்னறையில் யாரோ தட்டிக்கொடுக்கும் சத்தம். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, பிறகு ஒரு தட்டு. மறுபடி இரண்டு, இடைவெளி, ஒன்று. குழந்தையின் முதுகில் விரித்த உள்ளங்கை விழுகிற சத்தம். அதை இன்னொன்றோடு குழப்பிக்கொள்ள அவளால் முடியாது, அது அவள் பிழைப்பின் சத்தம்.

பக்கத்து வீட்டில் துணி அடிக்கிறார்கள் என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டு எட்டிப்பார்த்தாள். நிலைப்படியில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. பிள்ளைகள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். படுத்தால் அரைமணி நேரம் உருண்டு புரளும், பக்கத்துப் பிள்ளைகளைக் கடித்தே கடிவாயன் என்று பேர் வாங்கியவன்கூட, வாயைத் திறந்து எச்சில் வழியத் தூங்கினான். அவள் சமையலறைக்குத் திரும்பினாள். சத்தம் மறுபடி தொடங்கியது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஆனால் அங்கே இருட்டே இல்லை. பட்டப்பகல், ஜன்னலில் வெயில், தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போகிறார்கள். அந்த வெளிச்சம்தான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. பயந்து ஓட ஒரு காரணமும் கண்ணுக்குத் தெரியவில்லை.

கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னறைச் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டு, குழாயில் காற்று அடைத்திருக்கும் என்றார். டயர் கடைக்காரருக்கு உலகத்தில் எல்லாமே காற்றுதான் என்று அவள் சலித்துக்கொண்டாள்.

ஆனால் அடுத்த வாரம் ஒரு விஷயம் நடந்தது, அதற்கு எந்தக் குழாயையும் குறை சொல்ல முடியாது. வாயாடி என்று எல்லாரும் கூப்பிடும் மூன்று வயதுப் பெண்ணின் அம்மா, சாயங்காலம் கூட்டிப்போக வந்தவள், நீங்கள் எப்படித் தட்டுவீர்கள் என்று சின்னம்மாவிடம் கேட்டாள். வீட்டில் ராத்திரி தட்டினால் பிள்ளை கையைத் தள்ளிவிடுகிறதாம், அப்படி இல்லை, இப்படி என்று காட்டுகிறதாம். அந்த அம்மா தன் தொடையில் தட்டிக் காட்டினாள். இரண்டு, இடைவெளி, ஒன்று. சின்னம்மா வாயாடியின் பையைக் கொக்கியிலிருந்து எடுத்து நீட்டினாள். ஆமாம், அப்படித்தான் என்று மென்று முழுங்கினாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தன் மகள் எவ்வளவு கெட்டிக்காரி என்று அந்த அம்மா பூரித்துப்போய்க் கிளம்பினாள்.

மனுஷ மனசு இருக்கிறதே, அது எதற்கும் பழகிவிடும். முதலில் சின்னம்மா மதியம் முழுக்கப் பின்னறையிலேயே உட்கார்ந்தாள். பிறகு வேலைகள் குவிந்தன. கழுவாத தட்டுகள், துவைக்காத விரிப்புகள், காலையிலிருந்து உட்காராத கால்கள். அவள் அறையை விட்டு வந்தால் சத்தம் தொடங்கும், சத்தம் தொடங்கினால் பிள்ளைகள் அசைய மாட்டார்கள். சிணுங்கல் எழுந்த நொடியில் அங்கே ஒரு கை போய்ச் சேர்ந்துவிடும். ஒரு கெடுதலும் நடக்கவில்லை. கொஞ்ச நாளில் அவள் தேநீரை ஆறவிடாமல் குடிக்கக் கற்றுக்கொண்டாள். இந்த வேலையில் அது எவ்வளவு பெரிய சொகுசு என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருநாள் கொல்லையில் துணி காயப்போடப் போகும்போது, பின்னறைப் பக்கம் திரும்பி, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. ஆனாலும் துணியைக் காயப்போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

இரண்டு ஆள் சேர்ந்து பிள்ளை பார்க்கும் இடங்களில் ஒரு தப்பு நடக்கும். அவள் பார்த்திருப்பாள் என்று இவளும், இவள் பார்த்திருப்பாள் என்று அவளும் இருந்துவிடுவார்கள். இரண்டு பேர் பார்க்கிற பிள்ளையை ஒருத்தரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். பயிற்சி வகுப்பில் தொண்டைகிழியச் சொல்லிக்கொடுப்பார்கள். தனியாக இருக்கிறவளுக்கு அந்தத் தப்பு வராது என்றுதான் சின்னம்மா அன்று கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கைக்குழந்தை வந்தது. இன்னும் உட்காரக்கூடப் பழகாத ஆண்பிள்ளை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை அம்மாவுக்கு, விடுப்பு முடிந்துவிட்டது. தலைப்பிள்ளை. அவள் முதல் நாள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, அனுமதிச் சான்றிதழைக் கேட்கவில்லை, சின்னம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இவன் தூங்கும்போது பக்கத்துல ஆள் இருப்பாங்களா?"

"இருப்பாங்க," என்றாள் சின்னம்மா. பொய் சொல்லுகிறோம் என்று அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கம்பி வைத்த குட்டிக்கட்டிலைப் பின்னறையில் ஜன்னல் ஓரம் போட்டாள். அந்த அறையில் அது கொள்ளும் இடம் அது ஒன்றுதான். கைக்குழந்தையை மல்லாக்கத்தான் படுக்கவைக்க வேண்டும், தலையணை கூடாது, போர்வை கூடாது, அவ்வப்போது மூக்குக்கு நேரே புறங்கையைப் பிடித்து மூச்சு படுகிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். முதல் நாட்களில் ஒழுங்காகவே செய்தாள். குழந்தை பாடாய்ப் படுத்தியது. அழுதால் லேசில் நிற்காது. பிறகு அந்தத் தட்டல் மெல்ல மெல்ல மற்ற மெத்தைகளை விட்டுவிட்டு ஜன்னல் ஓரக் கட்டிலிலிருந்து மட்டும் கேட்கத் தொடங்கியது. குழந்தை அடங்கியது. சின்னம்மாவும் தேநீருக்குத் திரும்பினாள்.

ஒரு மதியம் வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். தன் பெண்ணுக்கு இடம் கிடைக்குமா என்று விசாரிக்க வந்த அப்பா, பேச்சில் சாமர்த்தியமான மனுஷர். சின்னம்மா கதவைத் திறந்துவைத்தபடி படியில் நின்று பேசினாள். உள்ளே கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. ஒரு அழுகைதான், அதுவும் பாதியில் நின்றது. உடனே தட்டல் எழுந்தது. சரி, பார்த்தாச்சு என்று அவள் மனசு ஒரு மூச்சு விட்டது. தன்னை மறந்து அந்த அப்பாவிடம், பிள்ளைக்கு என்ன பிடிக்கும், என்ன ஒத்துக்கொள்ளாது என்று கேட்டுக்கொண்டே போனாள்.

தட்டித் தூங்கவைத்தவர்களுக்குத் தெரியும், குழந்தை தூக்கத்தில் இறங்க இறங்கக் கையும் தானாக மெதுவாகும், இடைவெளி நீளும், ஒரு கட்டத்தில் கை அப்படியே முதுகில் தங்கிவிடும். அந்தச் சத்தமும் தினமும் அப்படித்தான் ஓயும். அன்று ஓயவில்லை. ஒரே சீராகத் தட்டிக்கொண்டே இருந்தது. அதைக் காது முதலில் பிடித்தது, புத்திக்கு வந்துசேரக் கொஞ்சம் நேரமானது. வந்துசேர்ந்ததும் சின்னம்மா பேச்சை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

குழந்தை முதன்முறையாகத் தானே கவிழ்ந்திருந்தது. கவிழத் தெரிந்ததே தவிர முகத்தைத் தூக்கத் தெரியவில்லை. மூக்கும் வாயும் மெத்தையில் அழுந்திக் கிடந்தன. அவள் நிலைப்படியைத் தாண்டிய பிறகும் சத்தம் நிற்கவில்லை. குழந்தையின் சட்டை முதுகில் லேசாகக் குழிந்து எழுவதை அவள் கண்ணால் பார்த்தாள். இரண்டு முறை, பிறகு ஒரு முறை. ஒரு கை விழுந்தால் துணி குழிகிற மாதிரியேதான் குழிந்தது. கை இல்லை.

வாரித் தூக்கினாள். பிள்ளையின் உதடு நிறம் மாறியிருந்தது. ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு விக்கி, மூச்சை இழுத்து, வீடே அதிரும்படி வீறிட்டது. வாழ்நாளில் எந்த அழுகையும் அவளுக்கு அவ்வளவு இனிப்பாகக் கேட்டதில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பின்னறை வாசலுக்கு வந்து எட்டிப்பார்த்த அந்த அப்பா, வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். காலிக் கட்டிலில், குழந்தை கிடந்த இடத்தில், மெத்தை இன்னும் குழிந்து குழிந்து எழுந்துகொண்டிருந்தது.

தாய்க்காரியிடம் மறைத்திருக்கலாம். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, டாக்டரும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டார். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை சின்னம்மாவுக்கு வராது. கவிழ்ந்துவிட்டான், நான் வாசலில் பேசிக்கொண்டிருந்தேன், வரத் தாமதமாகிவிட்டது என்று சொன்னாள். தட்டலைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளக் கதை கட்டுவது போலிருக்கும். அந்தப் பெண் கத்தவில்லை. பிள்ளையின் நெற்றியில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"நாளைக்கு லீவு போட்டிருக்கேன். அதுக்கு மேல எனக்கு வழியில்ல. இங்க விடலாமா கூடாதான்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றத நம்புறேன்."

அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். விடுங்கள் என்று சொல்ல சின்னம்மாவுக்கு வாய் வரவில்லை. விடாதீர்கள் என்று சொன்னால் அந்தப் பிள்ளையோடு மற்றப் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஒரு பிள்ளைக்கு ஆகாத வீடு எந்தப் பிள்ளைக்கும் ஆகாது.

அன்று சாயங்காலம் குழுவில் தன் குரலிலேயே எல்லாவற்றையும் பேசி அனுப்பினாள். சத்தத்தை, சட்டை குழிந்ததை, தான் அதை நம்பித் தேநீர் குடித்ததை. சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தாள். எதற்கெடுத்தாலும் ஆளுக்கொன்று பேசும் குழு அன்று ஊமையானது. கொஞ்சம் கழித்துத் தலைவி தனியாகக் கூப்பிட்டு, வீடு எந்தத் தெரு, ஜன்னல் கம்பி என்ன நிறம் என்று விசாரித்தாள். சொன்னதும் மறுமுனையில் பெரியமனுஷித்தனமெல்லாம் காணாமல் போனது.

சின்னம்மா இருக்கும் அந்த வீட்டை, நீலம் பூசியிருந்த காலத்தில், நீலவீடு என்பார்களாம். அங்கே இருந்தவள் நீலவீட்டக்கா. குழுவைத் தொடங்கியவர்களில் ஒருத்தி, இந்த ஊரிலேயே கைராசிக்காரி என்று பேர் வாங்கியவள். ஒரு மதியம் அவள் பார்த்துக்கொண்டிருந்த கைக்குழந்தை தூக்கத்திலேயே போய்விட்டது. யார் குற்றமும் இல்லை, சில பிள்ளைகளுக்கு இப்படி நேர்வதுண்டு என்று டாக்டர்கள் எழுதிக்கொடுத்தார்கள். கூட்டிப்போக வந்த தாய் உள்ளே போனபோது, நீலவீட்டக்கா கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்தாளாம். பிள்ளை சில்லிட்டுக் கிடந்தது. அதன்பிறகு போலீஸ் விசாரணை, அக்கம்பக்கத்துப் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? குழுவுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்று பயந்து தலைவியே அவளைக் குழுவிலிருந்து நீக்கினாள்.

"நாங்க யாரும் போய்ப் பாக்கல. ஒருத்திகூடப் போகல," என்றாள் தலைவி.

எப்போது இறந்தாள் என்று சின்னம்மா கேட்டாள்.

"இறந்தாளா? யார் சொன்னது? தங்கச்சி வீட்டுல இருக்கா. நம்பர் தர்றேன்."

சின்னம்மாவுக்கு அன்றுவரை வந்த பயமெல்லாம் ஒரு கணக்கில் சேராது, இதுதான் பயம். செத்தவர்கள் வருவார்கள் என்று கதை கேட்டே வளர்ந்தவள் அவள். உயிரோடிருக்கிற ஒருத்தி, எங்கோ ஒரு வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுகிறவள், இங்கே எப்படி வருவாள்?

மறுநாள் மதியம் பிள்ளைகள் தூங்கினார்கள். கைக்குழந்தை வரவில்லை, கட்டில் காலி. ஆனாலும் தட்டல் அங்கிருந்துதான் கேட்டது. நேற்றுப் போலவே அவள் உள்ளே போன பிறகும் அது நிற்கவில்லை. சின்னம்மா தரையில் உட்கார்ந்து போனை எடுத்தாள். என் வீட்டைவிட்டுப் போங்கள், ஒரு உயிரைக் கொல்லப் பார்த்தீர்கள் என்று கேட்பதற்கு வார்த்தைகளை ராத்திரியே அடுக்கிவைத்திருந்தாள். நாலு கேள்வி நறுக்கென்று கேட்காமல் விடுவதில்லை என்றிருந்தாள்.

வெகுநேரம் அடித்த பிறகு ஒரு கரகரத்த குரல் எடுத்தது. சாதாரணக் குரல், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் எந்த அக்காவின் குரலும்தான். நீலவீட்டில் இப்போது குடியிருப்பவள் நான், நானும் பிள்ளைகள்தான் பார்க்கிறேன் என்றாள் சின்னம்மா. அந்தப் பக்கம் பேச்சில்லை. பேச்சில்லாத இடத்தில்தான் அவளுக்கு அது கேட்டது. இரண்டு தட்டு, இடைவெளி, ஒரு தட்டு. போனைக் காதிலிருந்து எடுத்தாள். கட்டிலிலிருந்து கேட்டது. மறுபடி காதில் வைத்தாள். போனுக்குள்ளும் அதே கை, அதே நொடியில்.

"அக்கா, என்ன செஞ்சிட்டிருக்கீங்க?" அடுக்கிவைத்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. மதியமானா கை சும்மா இருக்க மாட்டேங்குது. தலகாணிய மடியில வச்சுக்குவேன். டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மாத்திர குடுத்திருக்காங்க. நிக்கல." கொஞ்சம் விட்டுச் சொன்னாள், "கண்ண மூடினா அந்த ரூம்லதான் இருக்கேன். எல்லாம் தூங்குதுங்க. நான் எழுந்தா முழிச்சுக்கும்னு எழுந்திருக்கவே இல்ல."

சின்னம்மாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லா மதியங்களும் அந்த இடத்தைவிட்டு அசையாமல் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். போதும் எழுந்திரு என்று சொல்ல ஒரு நாதி இல்லை. பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், வீட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், குழுவிலிருந்தும் தள்ளினார்கள். அவளை அந்தக் கட்டில் பக்கத்திலிருந்து எழுப்பிவிட மட்டும் எல்லாரும் மறந்துபோனார்கள்.

"அக்கா, நான் இப்ப அதே ரூம்லதான் உட்கார்ந்திருக்கேன். பிள்ளைங்க தூங்குதுங்க. இனி நான் பாத்துக்கிறேன்."

தட்டல் ஒரு கணம் தடுமாறியது, இங்கேயும் அங்கேயும்.

"மூச்சு இருக்கா? பாத்துச் சொல்லு."

சின்னம்மா போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு முழங்காலால் நகர்ந்து போனாள். கடிவாயனின் மூக்கருகில் புறங்கையைப் பிடித்தாள். இருக்குக்கா என்றாள். வாயாடிக்கு இருக்கு. அவளுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தவளைத் திருப்பிவிட்டுப் பார்த்தாள், இருக்கு. ஒவ்வொரு மெத்தையிலும் நின்று சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அந்தப் பக்கம் ஒரு ம் வந்தது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அந்தக் குரல் கேட்டது.

"ஜன்னலோரத்துக் கட்டில்?"

சின்னம்மா எழுந்து போய்க் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கைக்கு நேர்கீழே மெத்தை குழிந்து எழுந்தது. பொய் சொல்லிவிடலாம். இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த மனசு குளிர்ந்துவிடும், ஆனால் அந்தக் கை நாளைக்கும் தட்டும், நாளை மறுநாளும் தட்டும். அவள் தயங்கித் தயங்கி, ஆனால் தெளிவாகவே சொன்னாள்.

"அங்க குழந்தை இல்லக்கா."

"இல்லையா?"

"இல்லக்கா. கட்டில் காலிதான்."

மெத்தையில் இரண்டு தட்டு விழுந்தது, இடைவெளி வந்தது. மூன்றாவது விழவில்லை. சின்னம்மா அதற்காகக் காத்துக்கொண்டே நின்றாள். கடைசியில் போனுக்குள்ளிருந்து, பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்கும் பிள்ளையின் தயக்கத்தோடு, அந்தக் குரல் கேட்டது.

"அப்ப நான் எழுந்திருக்கட்டுமா?"

"எழுந்திருங்கக்கா," என்றாள் சின்னம்மா. அழுகையில் வார்த்தை உடைந்து வந்தது.

அந்தப் பக்கம் முழங்கால் முட்டுகள் நெட்டி முறியும் சத்தமும், ஒரு பெருமூச்சும், மெல்ல நடந்து விலகும் காலடியும் கேட்டன. போனை வைக்க நீலவீட்டக்காவுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது. அறையில் பிள்ளைகளின் மூச்சைத் தவிர வேறு சத்தமில்லை. சின்னம்மா கட்டிலடியில் உட்கார்ந்தாள். சமையலறையில் அடுப்பில் வைத்த தண்ணீர் கொதித்து வற்றிப் பாத்திரம் கரிந்த வாசனை வந்தது, இனி நான் பாத்துக்கிறேன் என்று சொன்னவள் அதற்கும் எழுந்திருக்கவில்லை.